முள் இறங்கினால் என்ஜினை இறக்காதே!
(பழைய லாரி என்ஜினில் ஆயில் பிரஷர் குறைவைக் கண்டறியும் முறை)

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் பட்டயப் பிரிவு



மனிதனுக்கு ரத்த ஓட்டம் எப்படியோ, என்ஜினுக்கு ஆயில் ஓட்டம் அப்படி. இதை வகுப்புக்கு வகுப்பு கேட்டிருக்கிறோம். பரீட்சையிலும் எழுதியிருக்கிறோம். ஆனால் அந்த உவமையை முழுசாகப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு விஷயம் புரியும். ரத்த அழுத்தம் குறைந்த ஒருவர் வந்தால் டாக்டர் என்ன செய்கிறார்? பட்டையை மறுபடி கட்டி இன்னொரு தடவை பார்க்கிறார். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, என்ன மருந்து எடுத்தீங்க என்று கேட்கிறார். எடுத்த எடுப்பிலேயே நெஞ்சைத் திறப்பதில்லை.

லாரிக்கு மட்டும் அந்தப் பாக்கியம் கிடையாது. டேஷ்போர்டில் முள் கொஞ்சம் இறங்கியதுமே, "பேரிங் போச்சு, எறக்கிப் பிரிச்சாத்தான் தெரியும்" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. சில நேரம் அது சரியாகவும் இருக்கும். பல நேரம் தப்பாகவும் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு லாரிக்காரர் வீட்டு நகையை அடகு வைத்து, கிராங்க் கிரைண்டிங் செய்து, புது பேரிங் போட்டு, மூன்று வாரம் லோடு இல்லாமல் உட்கார்ந்திருந்தார். என்ஜினை ஏற்றிய பிறகும் முள் அதே இடத்தில்தான் நின்றது. கடைசியில் மாற்ற வேண்டியிருந்தது மீட்டர் ஒன்றுதான்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. "இந்த மீட்டர் எப்பவும் இப்படித்தாண்ணே" என்று ஓட்டிக்கொண்டே போய், பிக் எண்ட் பிடித்து, கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்த வண்டிகளும் இருக்கின்றன. இரண்டு நஷ்டத்துக்கும் காரணம் ஒன்றுதான்: அளந்து பார்க்காமல் முடிவு கட்டியது. எந்த வரிசையில் அளக்க வேண்டும், ஏன் அந்த வரிசை என்பதைச் சொல்வதே இக்கட்டுரை.

1. எந்த என்ஜின்?

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் படியேறிய முதல் ஆள் நான். அப்பா சிறு வயதிலேயே லாரியில் கிளீனராக ஏறியவர். இன்று செட்டிநாட்டு ஊர் ஒன்றில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். கோயில் பூசை, கல்யாணம் என்றால் வருவார்கள். அந்த வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில், அவர்கள் அரிசி ஆலை நடத்திய காலத்து ஃபார்கோ லாரி ஒன்று நிற்கிறது. அப்பா அதை மாதம் ஒரு முறையாவது ஸ்டார்ட் செய்து, கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்துவார். இந்தக் கட்டுரையின் உதாரணம் அந்த லாரிதான்.

அதில் இருப்பது பெர்க்கின்ஸ் பி–6 என்ஜின். இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரில் 1932ல் ஃபிராங்க் பெர்க்கின்ஸ் தொடங்கிய கம்பெனியின் தயாரிப்பு. 1930களின் இறுதியில் வந்தது. 1840ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சென்னை சிம்சன் கம்பெனி, 1950களில் இந்த என்ஜினை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த டாட்ஜ், ஃபார்கோ லாரிகளில் இது பொருத்தப்பட்டது. ஆறு சிலிண்டர், போர் மூன்றரை அங்குலம், ஸ்ட்ரோக் ஐந்து அங்குலம். கணக்குப் போட்டால் 288 கன அங்குலம், அதாவது சுமார் 4.7 லிட்டர்.

அதே காலத்தில் நம் சாலைகளில் ஓடிய இன்னொரு குடும்பம் டாடா மெர்சிடஸ். 1954ல் டெய்ம்லர் பென்ஸுடன் ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் டாடா லாரி தயாரிக்கத் தொடங்கியது. ஒப்பந்தம் 1969ல் முடிந்தது. அந்த வழியில் வந்த டாடா 692 என்ஜின் என்றால் 6 சிலிண்டர், 92 மி.மீ. போர், 697 என்றால் 6 சிலிண்டர், 97 மி.மீ. போர். பெயரிலேயே அளவு இருக்கிறது.

இந்த ஆறு சிலிண்டர் என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்க 7 மெயின் பேரிங், கனெக்டிங் ராடுகளுக்கு 6 பிக் எண்ட் பேரிங், ஆக மொத்தம் 13. இந்த 13 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். கணக்கில் வரும்.

பழைய என்ஜினில் இன்னொரு சங்கடம் உண்டு. பேரிங், கேஸ்கெட், சீல் எதுவும் நினைத்த கடையில் கிடைக்காது. தேவையில்லாமல் பிரித்தால், திரும்பப் பூட்டச் சாமான் இல்லாமல் அப்படியே இரும்பாகிப் போகும். ஆகவே பிரிப்பது கடைசி வேலை.

2. பம்பு பிரஷரை உண்டாக்குவதில்லை

இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆயில் பம்பு ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளும் ஆயில் போக வழியில்லாமல் திணறும்போதுதான் பிரஷர் உண்டாகிறது. தெருக்குழாயில் ஹோஸ் மாட்டி விடுங்கள்; தண்ணீர் தொளதொளவென்று விழும். நுனியைக் கட்டை விரலால் அழுத்துங்கள், பீய்ச்சி அடிக்கும். குழாய் அதேதான், தண்ணீரும் அதேதான். வழி சுருங்கியது, பிரஷர் ஏறியது.

என்ஜினில் அந்தக் கட்டை விரல் எது? பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஜர்னல் விட்டம் ஒரு அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு அங்குலம் என்பது பொதுவான கைக்கணக்கு. சுமார் 70 மி.மீ. ஜர்னல் என்று வைத்துக்கொண்டால் 0.07 மி.மீ. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். மெயின் கேலரியிலிருந்து வரும் ஆயில் இந்த முடியளவு சந்து வழியாகக் கசிந்துதான் சம்புக்குத் திரும்புகிறது. மீட்டர் முள் காட்டுவது அந்தக் கசிவுக்கு உள்ள எதிர்ப்பை.

அப்படியானால் அத்தனை பாரத்தையும் தாங்குவது பம்பின் பிரஷரா? இல்லை. 1883ல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சு பேரிங்கை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். ஆயில் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் மேல் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியாக ஆயில் மேலே பொங்கி வந்தது. மரக்கட்டையால் அடைத்தார். கட்டையையே தள்ளி வெளியேற்றியது. மீட்டர் மாட்டிப் பார்த்தபோது, பேரிங் மேல் இருந்த சராசரிப் பாரம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. மீட்டர் 200 பவுண்டையும் தாண்டியது. அங்கே பம்பு எதுவுமே இல்லை! சுழலும் அச்சே ஆயிலை ஒடுக்கமான சந்துக்குள் இழுத்து, தன்னைத் தூக்கிக்கொள்கிறது. இதற்கான கணிதத்தை 1886ல் எழுதியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். பாய்ம இயக்கவியலில் ரெனால்ட்ஸ் எண் என்று படிக்கிறோமே, அதே ரெனால்ட்ஸ்.

ஆக, பம்பின் வேலை அந்தச் சந்துக்கு ஆயில் குறையாமல் ஊட்டுவது. ஊட்டுவது நின்றால் ஆயில் படலம் அறுந்து, உலோகத்தோடு உலோகம் உரசும். அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும்போது முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், அடுத்த ஊர் வரை போய்ப் பார்ப்போம் என்று நினைக்கவே கூடாது. அங்கேயே என்ஜினை நிறுத்த வேண்டும்.

3. ஒரு சின்னக் கணக்கு

கசிவின் விதியை எளிமைப்படுத்தி எழுதினால்:

பிரஷர் = ஆயில் ஓட்டம் × பாகுநிலை ÷ இடைவெளியின் மும்மடி (ஒரு மாறிலி விகிதத்தில்).

பாகுநிலை என்பது விஸ்காசிட்டி. இடைவெளி மும்மடியில் வருவதைக் கவனியுங்கள். ஒரு பேரிங்கின் இடைவெளி இரண்டு மடங்கானால் அதில் கசிவு 2 × 2 × 2 = 8 மடங்கு. 13 பேரிங்கில் ஒன்று மட்டும் அப்படித் தேய்ந்தால் மொத்தக் கசிவு 12 + 8 = 20 பங்கு. முன்பு 13 பங்கு. எனவே பிரஷர் 13/20, அதாவது 65 சதவீதமாக இறங்கும். எல்லாப் பேரிங்கும் சமமாகக் கால் பங்கு தேய்ந்தால் 1.25 × 1.25 × 1.25 = 1.95. பிரஷர் ஏறக்குறைய பாதி! கேம் ஷாஃப்ட், ராக்கர் கசிவுகளை விட்டுவிட்ட கணக்குதான் இது. ஆனாலும் போக்கு விளங்கும்.

இப்போது பாகுநிலையைப் பாருங்கள். எஸ்.ஏ.இ. 40 ஆயிலின் பாகுநிலை 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும் என்பது தர வரையறை. அதே ஆயில் 40 டிகிரியில் சுமார் பத்து மடங்கு கெட்டியாக இருக்கும். ஆகவே காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் மேலே போய் நிற்பதை வைத்து "என்ஜின் கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்ல முடியாது. தேய்ந்த என்ஜினிலும் குளிர்ந்த ஆயில் முள்ளைத் தூக்கும்.

இங்கேதான் முக்கியமான விஷயம். பேரிங் கால் பங்கு தேய்ந்தாலும் பிரஷர் பாதி. ஆயிலில் டீசல் கலந்து பாகுநிலை பாதியானாலும் பிரஷர் பாதி. முள் இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் நிற்கும். முதலாவது என்ஜினை இறக்கும் செலவு. இரண்டாவது ஒரு டயஃப்ரமும் புது ஆயிலும். முள் மட்டும் பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் வரிசை வேண்டும்: செலவில்லாத சோதனை முதலில், பிரிக்கும் சோதனை கடைசியில்.

4. சோதனை வரிசை

படி 1: கேள்வி. டிரைவரிடம் கேளுங்கள். திடீரென்று இறங்கியதா, கொஞ்சம் கொஞ்சமாகவா? சூடேறிய பிறகு மட்டுமா? ஐடிலில் மட்டுமா? மேட்டில் ஏறும்போதும் பிரேக் போடும்போதும் மட்டும் துள்ளுகிறதா? கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது, என்ன கிரேடு? அவர் பல வருஷம் அந்த முள்ளைப் பார்த்தவர். நம் மீட்டருக்கு முன்னால் அவர் கண்தான் மீட்டர்.

படி 2: டிப் ஸ்டிக். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் பம்பு காற்றை உறிஞ்சலாம். அளவு கூடியிருந்தால் சந்தோஷப்படக் கூடாது. ஆயில் தானாக ஊறாது. டீசலோ தண்ணீரோ இறங்குகிறது என்று அர்த்தம். மோந்து பாருங்கள். ஒரு சொட்டை மை ஒற்றும் தாளில் விட்டு வையுங்கள். டீசல் கலந்திருந்தால் கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெளிறிய வளையம் அகலமாகப் பரவும். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர்: வெட் லைனரின் அடி ரப்பர் வளையம், ஹெட் கேஸ்கெட் இவற்றைப் பார்க்க வேண்டும்.

படி 3: மீட்டரைச் சந்தேகப்படு. பழைய லாரியில் இருப்பது பெரும்பாலும் பூர்டன் குழாய் மீட்டர். 1849ல் பாரிஸில் யூஜின் பூர்டன் உரிமம் பெற்ற அமைப்பு. வளைந்த தட்டைக் குழாய்க்குள் பிரஷர் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்த அசைவு முள்ளைத் திருப்பும். என்ஜினிலிருந்து மீட்டர் வரை மெல்லிய செம்புக் குழாய் போகும். அது நசுங்கினாலோ, உள்ளே கசடு அடைத்தாலோ, நட்டில் கசிந்தாலோ முள் பொய் சொல்லும். எலெக்ட்ரிக் மீட்டர் என்றால் சென்டர் யூனிட், வயர், எர்த் மூன்றும் சந்தேகத்துக்குரியவை. கேலரியில் இருக்கும் துளையில் சோதிக்கப்பட்ட மாஸ்டர் மீட்டரை நேரடியாக மாட்டுங்கள். இனிமேல் அதன் அளவு மட்டும்தான் கணக்கு.

படி 4: சூட்டில் அளவு. வண்டியை அரை மணி நேரம் ஓட்டி, தண்ணீர் 80 டிகிரி வந்த பிறகு அளக்க வேண்டும். ஐடில், 1000, 1500, 2000 சுற்றுகளில் குறித்துக்கொள்ளுங்கள். 1000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பட்டறைக் கைக்கணக்கு. அந்தந்த என்ஜினின் மேனுவல் சொல்வதே இறுதி. "ரெண்டு கிலோ இருக்கு" என்று மெக்கானிக் சொன்னால் அது சதுர சென்டிமீட்டருக்கு. ஒரு கிலோ 14.2 பி.எஸ்.ஐ. குறித்ததை இப்படிப் படியுங்கள்:

• ஐடிலில் குறைவு, சுற்று ஏறினால் சரியாகிறது – ஆயில் நீர்த்தது, அல்லது பேரிங் தேய்வு.
• குளிரிலும் சூட்டிலும், எல்லாச் சுற்றிலும் குறைவு – ரிலீஃப் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது, அல்லது பம்பு தேய்வு.
• ஐடிலில் சரி, வேகத்தில் இறங்குகிறது – ஸ்ட்ரெய்னர் அடைப்பு.
• முள் துள்ளுகிறது – ஆயில் அளவு குறைவு, அல்லது உறிஞ்சு குழாயில் விரிசல், காற்று.

படி 5: ஃபில்டர். கழற்றிய ஃபில்டரையும் ஹவுசிங் அடியில் தங்கிய கசடையும் வெள்ளைத் துணியில் கொட்டிப் பாருங்கள். மின்னும் துகள் இருந்தால் காந்தம் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் வெள்ளி நிறத்திலோ செம்பு நிறத்திலோ மின்னினால் அது பேரிங் உலோகமாக இருக்கலாம். என்ஜினைத் திறக்காமலே பேரிங்கின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் வழி இது.

படி 6: ரிலீஃப் வால்வு. நட்டைக் கழற்றி ஸ்பிரிங்கையும் வால்வையும் வெளியே எடுங்கள். உட்காரும் இடத்தில் சின்னக் கசடு மாட்டியிருந்தாலே வால்வு மூடாது. ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், நீளம் குறைந்திருக்கலாம்.

படி 7: சத்தம். டங் டங் என்று அடியிலிருந்து கனமாக வந்தால் மெயின் பேரிங்காக இருக்கலாம். பிக் எண்ட் சத்தம் அதைவிடக் கூர்மை. ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாகத் தளர்த்தி அந்தச் சிலிண்டரை வேலை செய்யாமல் வைத்தால், எதில் சத்தம் அடங்குகிறதோ அந்த பிக் எண்ட் மேல் சந்தேகம். எச்சரிக்கை: பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். நட்டின் மேல் துணியைப் போட்டு, கையை விலக்கி வைத்தே செய்ய வேண்டும். சார் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டாம்.

படி 8: சம்பு. இத்தனைக்குப் பிறகும் விடை வரவில்லை என்றால் சம்பைக் கழற்றுங்கள். என்ஜின் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. ஸ்ட்ரெய்னரைக் கழுவுங்கள். உறிஞ்சு குழாய் விரிசல், கேஸ்கெட் பாருங்கள். பம்பைப் பிரித்து, பல்சக்கரத்துக்கும் மூடிக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

படி 9: பேரிங். சம்பு கழற்றிய நிலையிலேயே ஒரு பிக் எண்ட் கேப்பைத் திறந்து பார்க்கலாம். பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து, கேப்பைச் சரியான டார்க்கில் முடுக்கி, மறுபடி திறந்து, நசுங்கிய அகலத்தை அதன் அளவுத்தாளோடு பார்த்தால் இடைவெளி தெரியும். ஜர்னலை மைக்ரோமீட்டரால் இரண்டு திசையில் அளந்தால் நீள்வட்டத் தேய்வு தெரியும். அதிலும் தேய்வு உறுதியானால்தான் கிரைண்டிங், அண்டர்சைஸ் பேரிங் என்ற பேச்சு. அப்போது "என்ஜினை இறக்குங்கள்" என்று தைரியமாகச் சொல்லலாம். கையில் அளவு இருக்கிறது.

5. ஃபார்கோவில் என்ன கிடைத்தது?

போன வருஷம் மாசி மாதம் அந்த லாரியின் முள் இறங்கியிருந்ததை அப்பா கவனித்தார். அந்த மீட்டரில் உள்ள ஆங்கில எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அரிசி ஆலைக் காலத்தில் கடைசியாகப் பேரிங் மாற்றி ஓட்டியபோது, சூட்டில் ஐடிலில் முள் நின்ற இடத்தில், கண்ணாடி மேல் சிவப்பு பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்திருந்தார். அந்தப் புள்ளிக்குக் கீழே முள் வந்துவிட்டது. வந்து பார்த்த பட்டறைக்காரர் ஒருவர் பேரிங் முடிந்தது என்றார். வீட்டு ஆச்சி போனில், "செலவு ரொம்ப இழுக்கும்னா எடைக்குப் போட்டுருங்கப்பா" என்று சொல்லிவிட்டார்கள். அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "டேய், மொதல்ல மீட்டரு நெசம் சொல்லுதான்னு பாக்க முடியுமா?"

மூன்றாம் படியை அவர் எந்தப் புத்தகமும் படிக்காமலே சொல்லிவிட்டார்.

சிவப்புப் புள்ளி 20 பி.எஸ்.ஐ.யில் இருந்தது. லாரி மீட்டர் 8 காட்டியது. மாஸ்டர் மீட்டர் 9. ஆக முள் பொய் சொல்லவில்லை. சூட்டில் 1500 சுற்றில் 24 வந்தது. ஐடிலில் குறைவு, சுற்றில் ஏறுகிறது. ஒன்று பேரிங், இல்லையென்றால் ஆயில்.

பேரிங்தான் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 20/9 = 2.2. இதன் மும்மடி மூலம் சுமார் 1.3. அதாவது எல்லாப் பேரிங்கும் 30 சதவீதம் தேய்ந்திருக்க வேண்டும். பட்டறைக்காரர் சொன்னது முள்ளின் கணக்குப்படி நியாயமான பேச்சுதான். ஆனால் டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை நின்றது. மோந்தால் டீசல் வாடை. தாளில் அகலமான வளையம். பி–6ல் டீசலை இழுத்துத் தருவது டயஃப்ரம் வகை ஃபீடு பம்பு. கழற்றிப் பார்த்தால், மாதக்கணக்கில் நின்றே காய்ந்து போன டயஃப்ரத்தில் நகக்கீறல் போல ஒரு விரிசல். டீசல் அதன் வழியாக கிராங்க் கேஸில் இறங்கியிருக்கிறது.

டயஃப்ரம், ஃபில்டர், ஆயில் மூன்றும் மாற்றினோம். பழைய ஃபில்டர் கசடில் மின்னும் துகள் இல்லை. மறுபடி அரை மணி நேரம் ஓட்டி அளந்தபோது ஐடிலில் 16, 1500 சுற்றில் 38. சிவப்புப் புள்ளியை முழுசாகத் தொடவில்லை. 20/16 = 1.25, மும்மடி மூலம் சுமார் 1.08. அத்தனை வருஷ ஓட்டத்தில் 8 சதவீதத் தேய்வு. 0.07 மி.மீ. இடைவெளி 0.076 ஆகியிருக்கிறது. அதற்காக என்ஜினை இறக்க வேண்டியதில்லை. அந்த லாரி எடைக்குப் போகவில்லை.

இந்தக் கணக்குக்கு அடிப்படை அந்தச் சிவப்புப் புள்ளி. பழைய அளவு தெரிந்ததால்தான் எவ்வளவு இறங்கியது என்று சொல்ல முடிந்தது. எந்த என்ஜினுக்கும், நன்றாக இருக்கும்போதே சூட்டில் அளந்து, தேதியோடு, ஆயில் கிரேடோடு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். நல்ல நாளில் எழுதாத நோட்டு, கெட்ட நாளில் உதவாது.

6. செய்யக் கூடாதவை

• ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு பிரஷரை ஏற்றுவது சில இடங்களில் நடக்கிறது. சூட்டில் ஐடிலில் அந்த வால்வு ஏற்கெனவே மூடித்தான் இருக்கும்; வாஷர் அங்கே ஒன்றும் செய்யாது. குளிரில் மட்டும் பிரஷரைத் தேவைக்கு மேல் ஏற்றி, பம்பையும் ஃபில்டரையும் சிரமப்படுத்தும். நோய் அப்படியே இருக்கும்.

• பிரஷருக்காகக் கெட்டியான ஆயிலை ஊற்றி வண்டியை விற்பது ஏமாற்று வேலை. முள்ளைத்தான் அது தூக்கும்; தேய்ந்த பேரிங்கை வளர்க்காது. அதே மாதிரி, இன்றைய புது என்ஜின்களுக்கான மெல்லிய ஆயிலைப் பழைய என்ஜினில் ஊற்றிவிட்டு முள் இறங்குகிறதே என்று பயப்படுவதும் தவறு. மேனுவல் சொன்ன கிரேடை ஊற்றுங்கள்.

• ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

• பழைய ஆயிலைத் தரையிலோ ஊருணிப் பக்கமோ ஊற்றாதீர்கள். மழைத்தண்ணீரை ஊருணியில் தேக்கிக் குடித்து வாழ்ந்த சீமை நம்முடையது. டின்னில் பிடித்து, எடுப்பவரிடம் கொடுங்கள். கையில் பட்டதைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழைய ஆயில் தோலுக்கு நல்லதில்லை.

நண்பர்களே, பட்டறை அனுபவத்தைக் குறைத்துப் பேச நான் இதை எழுதவில்லை. சத்தத்தைக் கேட்டே நாலாவது பிக் எண்ட் என்று சொல்லும் மேஸ்திரிகள் நம் ஊரில் இருக்கிறார்கள். அந்தக் காது நமக்கு வரப் பல வருஷம் ஆகும். ஆனால் அளவுகோல் நம் கையில் இன்றைக்கே இருக்கிறது. ஃபீலர் கேஜ், மைக்ரோமீட்டர், மாஸ்டர் மீட்டர், மும்மடிக் கணக்கு எல்லாம் நாம் பரீட்சைக்காகப் படித்தவைதான். நாளை ஒரு லாரிக்காரர் நம் முன்னால் வந்து "தம்பி, எறக்கணுமா வேண்டாமா?" என்று கேட்பார். அவர் கேட்பது என்ஜினைப் பற்றி மட்டுமல்ல, அடகுக் கடைக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்பதையும் சேர்த்துத்தான். அளந்துவிட்டுப் பதில் சொல்லுவோம்.